லவ் பார்க்: ஒரு சதுக்கமும் அதன் இரண்டாம் வாசகர்களும்

அமெரிக்காவின் பிலடெல்பியா நகர மண்டபத்தின் அருகே 1965இல் ஒரு சதுக்கம் கட்டி முடிக்கப்பட்டது. எட்மண்ட் பேகன் என்னும் நகரமைப்பாளர் கார்னெல் பல்கலைக்கழக மாணவராக 1932இல் எழுதிய ஆய்வேட்டில் முளைத்த கருத்து அது. கல்லுருவம் தந்தவர் வின்சென்ட் கிளிங். கென்னடியின் பெயர் சூட்டப்பட்டும் அப்பெயர் மக்கள் நாவில் நிலைக்கவில்லை. காதலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் நான்கு எழுத்துகளை இரண்டடுக்காக்கி, ஓரெழுத்தை மட்டும் சாய்த்து ராபர்ட் இண்டியானா வடித்த சிற்பம் 1976இல் அங்கே வைக்கப்பட்டது. அதன்பின் அவ்விடம் 'லவ் பார்க்' ஆயிற்று. ஒற்றைச் சொல் ஒரு தலைவரின் பெயரை வென்றது கவிஞர்கள் மகிழத்தக்க செய்திதான்.

ஸ்கேட்போர்டு எனும் சக்கரப் பலகை, 1950களில் கலிபோர்னியாவின் அலைச்சறுக்கு வீரர்களிடையே பிறந்தது. 1970களில் யூரிதேன் சக்கரம் வந்தது. வறட்சியில் வற்றிய நீச்சல் குளங்களின் வளைவுகளில் பலகை ஏறியது. கையால் தொடாமல் பலகையோடு எம்பும் 'ஆலி' 1980களில் சமதரைக்கு வந்ததும் நகரமே வேறாகிவிட்டது. படி இறங்குவதற்கு, திண்ணை அமர்வதற்கு என்றிருந்த இலக்கணம் குலைந்தது. லவ் பார்க்கின் கல்விளிம்புகளும் அகன்ற படிவரிசைகளும் நீரற்ற ஊற்றுத் தொட்டியும் இளைஞர்களுக்கு ஆடுகளமாயின. தரைக்கல்லைப் பெயர்த்துச் சாய்த்து ஏறுதளமாக்கிக்கொண்டவர்களும் உண்டு. 1990களின் ஒளிநாடாக்கள் வழியே அவ்விடம் உலகெங்குமுள்ள ஆட்டக்காரர்களுக்கு அறிமுகமாயிற்று.

கற்கள் சிதைந்தன என்ற நகராட்சியின் முறையீடு பொய்யன்று. 2000இல் தடை பிறந்தது. ஆயினும் 2001, 2002 ஆண்டுகளில் அதே விளையாட்டை உள்ளடக்கிய 'எக்ஸ் கேம்ஸ்' போட்டிகளை அதே நகரம் விருந்தளித்து நடத்தியதை என்னென்பது! வெளியூர் வீரரை வரவேற்றுக்கொண்டே உள்ளூர்ச் சிறுவனைத் துரத்துவது எந்த ஊருக்கும் அழகன்று. 2002இல் சதுக்கம் மாற்றியமைக்கப்பட்டு, ஆட்டத்திற்கு உதவிய கல் இருக்கைகள் அகற்றப்பட்டன.

அவ்வாண்டு அக்டோபர் 28 அன்று பேகன் அங்கே வந்தார். வயது 92. தலைக்கவசம் அணிந்து, இருபுறமும் பிறர் தாங்க, தடையை மீறிச் சக்கரப் பலகையில் ஏறிச் சில அடி தூரம் சென்றார். தம் வாழ்வு முழுதும் இக்கணத்திற்காகவே பயனுற்றது என்று மகிழ்ந்தார். தாம் எண்ணாத பொருளைத் தம் படைப்பில் கண்ட இளைஞர்களை, பிழையாகப் படித்தவர்களென அவர் கருதவில்லை. படைப்பாளிகளிடம் இவ்வளவு பெருந்தன்மை அரிது.

சதுக்கத்தை ஆட்டக்காரர்களுக்கு மீளத் திறப்பதற்காக ஒரு காலணி நிறுவனம் 2004இல் பத்து இலட்சம் டாலர் தர முன்வந்தும் நகரம் ஏற்கவில்லை. பேகன் 2005இல் மறைந்தார். 2016 பிப்ரவரியில், இடிப்பதற்கு முன் சில நாள்கள் மட்டும் தடை தளர்த்தப்பட்டது. குளிரையும் பொருட்படுத்தாது பழைய ஆட்டக்காரர்கள் திரண்டனர். 2018இல் திறக்கப்பட்ட புதிய பூங்காவில் சிற்பம் மீண்டும் வந்து நின்றது. பழைய படிவரிசைகள் திரும்பவில்லை.