திரையில் இடிந்த நகரம்: ‘ஏர்த்குவேக்’ திரைப்படமும் அதன் வரலாற்றுப் பின்னணியும்

கலைத்தரம் வாய்ந்த திரைப்படங்களே ஆய்வுக்குரியவை என்றும், பெருந்திரளான மக்களைக் கவரும் பொருட்டு ஆக்கப்படும் வணிகத் திரைப்படங்கள் பொழுதுபோக்குடன் முடிந்துவிடுபவை என்றும் கருதும் போக்கு நெடுங்காலமாக நிலவி வருகின்றது. திறனாய்வாளனுக்கு இது பொருந்தலாம்; வரலாற்று மாணவனுக்குப் பொருந்தாது. ஒரு சமூகம் எவற்றைக் கண்டு அஞ்சிற்று, எவற்றை நம்பிற்று, எவற்றைப் பார்க்கத் தவறிற்று என்பவற்றை அதன் உன்னத கலைப் படைப்புக்களிலும் பார்க்க அதன் சந்தைப் பண்டங்களே சில வேளைகளில் வெளிப்படையாகக் காட்டிவிடுகின்றன. 1974 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ஐக்கிய அமெரிக்காவில் வெளியான ‘ஏர்த்குவேக்’ (பூமியதிர்ச்சி) என்னும் திரைப்படம் அத்தகையதொரு சான்றாகும்.

யூனிவேர்சல் நிறுவனத்தின் தயாரிப்பாகிய இப்படத்தை மார்க் றொப்சன் நெறிப்படுத்தினார். ‘கோட்ஃபாதர்’ நாவலாசிரியர் மாரியோ பூசோவும் ஜோர்ஜ் ஃபொக்சும் திரைக்கதையை எழுதினர். சார்ள்ற்றன் ஹெஸ்ற்றன், அவா கார்ட்னர், ஜோர்ஜ் கெனடி முதலிய புகழ்பெற்ற நடிகர் பலர் இதில் தோன்றினர். ‘எயர்போட்’ (1970), ‘பொசைடன் அட்வெஞ்சர்’ (1972) ஆகிய படங்களின் வெற்றி, பேரழிவுத் திரைப்படம் என்னும் வகையொன்றை ஹொலிவூட்டில் நிலைபெறச் செய்திருந்தது. வியட்நாம் யுத்தத்தின் தோல்வி, 1973 இன் எண்ணெய் நெருக்கடி, 1974 ஓகஸ்ற் மாதம் ஜனாதிபதி நிக்சன் பதவி துறந்தமை என்பன அமெரிக்கரின் தன்னம்பிக்கையை அசைத்திருந்த காலம் அது. உறுதியானவை எனக் கருதப்பட்ட யாவும் ஆட்டங்காணும் கதைகளுக்கு அக்காலத்தில் வரவேற்பு இருந்ததில் வியப்பில்லை. எனினும், இப்படத்தின் அச்சத்துக்கு இவற்றிலும் நேரடியான காரணம் ஒன்று இருந்தது. அது லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் அண்மைக்கால வரலாறாகும்.

1971 பெப்ரவரி 9 ஆம் திகதி காலை 6 மணியளவில் லொஸ் ஏஞ்சலிசுக்கு வடக்கேயுள்ள சான் பெர்னாண்டோ பிரதேசம் அதிர்ந்தது. ஏறக்குறைய 6.6 அளவினதாகிய இவ்வதிர்ச்சி உலகின் பேரதிர்ச்சிகளுள் ஒன்றன்று. ஆயினும் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோர் முன்னாட் படைவீரர்களுக்கான வைத்தியசாலை ஒன்றின் பழைய கட்டடங்கள் இடிந்தமையால் இறந்தவர்கள். அவை 1933 ஆம் ஆண்டு லோங் பீச் அதிர்ச்சியின் பின்னர் கட்டட விதிகள் இறுக்கமடைவதற்கு முன்னர் எழுந்தவை. ஆனால் சில மாதங்களுக்கு முன்னரே திறந்துவைக்கப்பட்ட ஒலிவ் வியூ என்னும் புத்தம்புதிய வைத்தியசாலையும் சிதைந்தது. அதன் படிக்கட்டுக் கோபுரங்கள் கட்டடத்தினின்றும் பிரிந்து சாய்ந்தன. பழமை மட்டுமே கொலையாளி என்று சொல்லித் தப்பிக்கொள்ள இயலாதவாறு இயற்கை அன்று சான்று கூறிற்று எனலாம்.

அதனினும் பெரிய ஆபத்து, நிகழாமற்போன ஒன்றாகும். கீழ் வான் நோர்மன் நீர்த்தேக்கத்தின் மண் அணை, அதிர்ச்சியில் உட்புறமாகச் சரிந்தது. அணையின் உச்சிப்பகுதி நீருள் அமிழ, எஞ்சிய மண்ணுக்கும் நீர்மட்டத்துக்கும் இடையில் ஏறத்தாழ ஐந்து அடி உயரமே மீதமாயிற்று. அணையின் கீழ்ப்புறத்தே வாழ்ந்த ஏறக்குறைய 80,000 மக்கள் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டனர். நீர்மட்டம் குறைக்கப்படும் வரை சில நாள்கள் அவர்கள் திரும்பவில்லை. அணை உடைந்திருப்பின் இறந்தோர் தொகை எத்துணை பெரிதாயிருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

திரைப்படம் இவ்வச்சத்தையே தன் கருவாகக் கொண்டது. முதலில் இரு சிறிய அதிர்ச்சிகள் நிகழ்கின்றன. நில அதிர்ச்சி ஆய்வு நிறுவனம் ஒன்றைச் சேர்ந்த இளைஞன் ஒருவன், பேரதிர்ச்சி ஒன்று ஓரிரு நாள்களில் வரும் எனக் கணிக்கின்றான். மேலதிகாரிகள் தயங்குகின்றனர். பின்னர் நகரம் இடிகின்றது. இறுதியில் ஹொலிவூட் குன்றுகளின் மேலுள்ள அணை உடைகின்றது. ஹெஸ்ற்றன் ஏற்ற பாத்திரம் ஒரு கட்டடப் பொறியியலாளன் என்பது கவனிக்கத்தக்கது. இத்தகைய நிலத்தில் வானளாவிய கட்டடங்களை எழுப்பியிருக்கக் கூடாதென்று அழிவின் நடுவே அவன் வருந்துகின்றான். ஈற்றில், தான் தப்பிக்கும் வாய்ப்பிருந்தும் நிலத்தடிக் கால்வாயிற் பெருகும் வெள்ளத்தில் மனைவியைக் காக்கச் சென்று அவளோடு மாள்கின்றான்.

அணை உடையும் காட்சிக்கும் வரலாற்று வேர் உண்டு. 1928 மார்ச் 12 ஆம் திகதி நள்ளிரவுக்குச் சற்று முன்னர், லொஸ் ஏஞ்சலிஸ் நகருக்கு நீர் வழங்க அமைக்கப்பட்ட சென் பிரான்சிஸ் அணை பூமியதிர்ச்சி எதுவுமின்றியே உடைந்து நானூற்றுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. அதனை அமைத்த வில்லியம் மல்ஹொலண்டின் மேற்பார்வையிலேயே ஹொலிவூட் அணையும் கட்டப்பட்டிருந்தது. அதன் கீழே வாழ்ந்தோரின் அச்சம் காரணமாக, அவ்வணையின் நீர்மட்டம் குறைக்கப்பட்டு, வெளிப்புறச் சுவரின் மேல் மண் குவிக்கப்பட்டு மரங்கள் நடப்பட்டன. ஆகவே 1974 இல் திரையில் உடைந்த அணை கற்பனையன்று. ஒரு நகரம் நாற்பத்தைந்து ஆண்டுகளாக மண்ணிட்டு மூடி வைத்திருந்த நினைவு எனலாம்.

இவ்வச்சத்தைப் பார்வையாளருக்கு உணர்த்தத் தயாரிப்பாளர் கையாண்ட உத்திகள் திரைப்பட வரலாற்றில் இடம்பெற்றவை. கணினியாற் படிமங்களை உருவாக்கும் வசதி அக்காலத்திற் கிடையாது. அல்பேட் விற்லொக் என்னும் ஓவியர் கண்ணாடியிலும் பலகையிலும் வரைந்த இடிபாட்டு ஓவியங்கள் படச்சுருளில் உண்மைக் காட்சிகளுடன் இணைக்கப்பட்டன. கட்டடங்களும் அணையும் சிற்றுருக்களாக அமைக்கப்பட்டு உடைக்கப்பட்டன. கமெராவைப் பக்கவாட்டில் அசைக்கும் தனிப்பொறி ஒன்றும் பயன்பட்டது. இவற்றுட் சில இன்று நகைப்பூட்டும். மின்னுயர்த்தி விழும் காட்சியில் இரத்தம் சித்திரமாக வரைந்து சேர்க்கப்பட்டமை இதற்கு நல்ல உதாரணம். விற்லொக்கின் ஓவியங்களோ இன்றும் நம்பத்தக்கனவாய் நிற்கின்றன. படத்தின் காட்சி உத்திகளுக்கு விசேட ஒஸ்கார் விருதும், ஒலிப்பதிவுக்கு ஒஸ்கார் விருதும் கிடைத்தன.

ஆயினும் மக்கள் முண்டியடித்தது காட்சிக்காக மட்டுமன்று. ‘சென்சரவுண்ட்’ என்னும் ஒலிமுறை இப்படத்துக்கெனவே உருவாக்கப்பட்டது. திரையரங்கில் நிறுவப்பட்ட பாரிய ஒலிபெருக்கிகள், மனிதச் செவி கேட்கும் கீழெல்லையை அண்மித்தும் அதற்குக் கீழும் உள்ள மிகத் தாழ்ந்த மீடிறன் கொண்ட அலைகளை உரத்து எழுப்பின. அவற்றைச் செவி கேட்பதிலும் பார்க்க நெஞ்சும் இருக்கையும் கூடுதலாக உணர்ந்தன. ஹொலிவூட்டிலுள்ள புகழ்பெற்ற சைனீஸ் திரையரங்கில், கூரையிலிருந்து சாந்து விழக்கூடும் என அஞ்சிப் பார்வையாளரின் தலைக்கு மேல் வலை கட்டப்பட்டது. அழிவைப் போலியாகக் காட்ட வந்த கருவி உண்மையான கட்டடத்தைச் சோதித்த விந்தை இது. ‘மிட்வே’ (1976), ‘றோலர்கோஸ்ரர்’ (1977) முதலிய சில படங்களுடன் அம்முறை வழக்கொழிந்தது.

இனி, இத்திரைப்படம் எழுப்பிய வினாக்களை வரலாற்றின் முன்னிலையில் வைத்து நோக்குதல் வேண்டும். படத்தில் இரு வினாக்கள் உள்ளன. ஒன்று, பூமியதிர்ச்சியை முன்கூட்டியே அறிய முடியுமா என்பது. மற்றையது, அதிரும் நிலத்தில் எவ்வாறு கட்டடம் அமைப்பது என்பது. முதலாவதைப் படம் தன் பரபரப்புக்கு ஆதாரமாக்கிற்று. இரண்டாவதை ஒரு கதாபாத்திரத்தின் கழிவிரக்கமாகச் சுருக்கிற்று. பின்வந்த வரலாறோ இவ்விரண்டின் இடத்தையும் மாற்றி வைத்தது.

முன்னறிவிப்புப் பற்றிய நம்பிக்கை திரைக்கதாசிரியரின் கற்பனை மட்டுமன்று. 1970 களின் முற்பகுதியில் சோவியத் யூனியனிலும் அமெரிக்காவிலும் விஞ்ஞானிகள் பலர் அந்நம்பிக்கையைக் கொண்டிருந்தனர். படம் வெளியாகி மூன்று மாதங்களின் பின்னர், 1975 பெப்ரவரி 4 ஆம் திகதி, சீனாவின் ஹைசெங் நகரில் நிகழ்ந்த 7.3 அளவுடைய அதிர்ச்சிக்கு முன்னரே மக்கள் பலர் வெளியேற்றப்பட்டிருந்தனர். அது பெருவெற்றியாகக் கொண்டாடப்பட்டது. எனினும் அங்கு தொடர்ச்சியான முன்னதிர்ச்சிகள் நிகழ்ந்தமையே முக்கிய உதவியாயிற்று. அடுத்த ஆண்டு யூலை 28 ஆம் திகதி அதே நாட்டின் தங்ஷான் நகரம் அத்தகைய எச்சரிக்கை எதுவுமின்றி அழிந்தது. அரசின் கணக்கின்படியே 242,000 பேர் மாண்டனர். ஒரு வெற்றியும் ஒரு பேரிழப்பும் பதினெட்டு மாத இடைவெளியில் நிகழ்ந்தன.

அமெரிக்காவிலும் இதே பாடம் மெல்லக் கற்கப்பட்டது. 1976 இல் கலிபோர்னியாத் தொழினுட்ப நிறுவகத்தின் ஆய்வாளர் ஒருவர் லொஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் ஓராண்டினுள் ஓர் அதிர்ச்சி நிகழலாம் எனத் தம் கருதுகோளை வெளியிட்டார், எதிர்ப்புக் கிளம்பிற்று, பின்னர் அவரே அதனைக் கைவிட்டார். கலிபோர்னியாவின் பார்க்ஃபீல்ட் என்னும் சிற்றூரில் 1993 இன் முன்னர் ஓர் அதிர்ச்சி வரும் என 1985 இல் அறிவிக்கப்பட்டது. எண்ணற்ற கருவிகள் அங்கு காத்திருந்தன. அதிர்ச்சி வந்தது 2004 செப்ரெம்பர் 28 ஆம் திகதியாகும். நாளும் இடமும் குறித்து அதிர்ச்சியை முன்னறியும் முறை இன்றளவும் கிட்டவில்லை. 2019 இல் கலிபோர்னியா முழுவதற்கும் அறிமுகமான எச்சரிக்கை முறையும் அதிர்ச்சி தொடங்கிய பின்னர் சில விநாடி அவகாசம் தருவதேயன்றி முன்னறிவிப்பன்று.

முன்னறிவிப்போடு தொடர்புடைய இன்னொரு நம்பிக்கையும் படத்தில் உண்டு. உண்மையைச் சொன்னால் மக்கள் பீதியடைந்து நகரத்தைச் சீர்குலைப்பர் என்பதே அதிகாரிகளின் தயக்கத்துக்குக் காரணம். ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1963 இல் நிறுவப்பட்ட பேரழிவு ஆய்வு நிலையத்தின் சமூகவியலாளர்கள் இக்கருத்தை ஏற்கெனவே மறுத்து வந்தனர். பேரழிவின்போது பீதி அரிது; அயலவர் ஒருவர்க்கொருவர் உதவுதலே பெரும்பான்மை என்பது அவர்தம் ஆய்வுகளின் முடிபு. இதற்குத் தூரத்து உதாரணம் தேட வேண்டியதில்லை. 1971 இல் 80,000 மக்கள், உண்மையைக் கூறி எச்சரித்தபோது, அதே பிரதேசத்தில் வீடுகளை விட்டு வெளியேறினர். அணையின் ஆபத்தை 1971 இலிருந்து எடுத்துக்கொண்ட திரைப்படம், அந்த மக்களை எடுத்துக்கொள்ளவில்லை. மக்களை நம்பாத அதிகாரியின் கண்கொண்டே அது நகரத்தை நோக்கிற்று. இப்படத்தின் பெருங்குறை இதுவே; அட்டைச் சுவர்களும் வரைந்த இரத்தமும் அல்ல.

இரண்டாவது வினாவின் வரலாறு பரபரப்பற்றது. ஆனால் உயிர்களைக் காத்தது அதுவே. 1971 இன் விளைவாக, செயற்படும் பிளவுக்கோடுகளின் மீது குடியிருப்புக் கட்டடங்கள் அமைப்பதைத் தடுக்கும் சட்டம் 1972 இல் கலிபோர்னியாவில் இயற்றப்பட்டது. வைத்தியசாலைகள் அதிர்ச்சியின் பின்னரும் இயங்கத்தக்கனவாய் அமைய வேண்டும் என்ற சட்டம் 1973 இல் நடைமுறைக்கு வந்தது. வலுவூட்டப்படாத பழைய செங்கற் கட்டடங்களைத் திருத்த வேண்டும் அல்லது இடிக்க வேண்டும் என 1981 இல் லொஸ் ஏஞ்சலிஸ் நகரம் விதித்தது. இவற்றுக்குப் பரீட்சை 1994 ஜனவரி 17 ஆம் திகதி வந்தது. 6.7 அளவுடைய நோர்த்ரிட்ஜ் அதிர்ச்சியில், புதிதாய்க் கட்டப்பட்டிருந்த ஒலிவ் வியூ வைத்தியசாலையின் கட்டமைப்பு உறுதியாய் நின்றது. ஆனால் நீர்க்குழாய்கள் உடைந்து நோயாளரை வெளியேற்ற நேர்ந்தது. 1971 இல் விழுந்த நெடுஞ்சாலைச் சந்தியின் பகுதிகள் 1994 இலும் விழுந்தன. கீழ்த்தளத்தை வாகனத் தரிப்பிடமாகத் திறந்து விட்டிருந்த மாடி வீட்டுத் தொகுதியொன்றில் மட்டும் 16 பேர் மாண்டனர். அத்தகைய கட்டடங்களை வலுப்படுத்தல் 2015 இலேயே கட்டாயமாக்கப்பட்டது.

இங்கு ஒரு முரண் மனங்கொள்ளத்தக்கது. லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் 1957 வரை 13 மாடிகளுக்கு மேற்பட்ட கட்டடங்கள் பொதுவாக அனுமதிக்கப்படவில்லை. அதன்பின் எழுந்த கோபுரங்களே பொறியியலாளனின் கழிவிரக்கத்துக்குக் காரணமாகப் படத்திற் காட்டப்பட்டன. ஆனால் 1971 இலும் 1994 இலும் மக்களைப் பெரும்பாலும் கொன்றவை கோபுரங்கள் அல்ல. யாரும் அண்ணாந்து பாராத பழைய வைத்தியசாலையும், நடுத்தர வருமானத்தார் வாடகைக்கிருந்த மூன்று மாடி வீடுகளுமே. கமெரா உயரத்தை விரும்பும். ஆபத்தோ தாழ்ந்த கூரைகளின் கீழ் இருந்தது.

நாற்பது ஆண்டுகளின் பின்னர் வந்த ‘சான் அந்திரியாஸ்’ (2015) திரைப்படத்திலும் அதிர்ச்சியை முன்னறியும் விஞ்ஞானி தோன்றுகின்றார், அணை உடைகின்றது. ஓவியத்தின் இடத்தைக் கணினி பிடித்துக்கொண்டது. நம்பிக்கை மட்டும் மாறவில்லை. முன்னறிவிப்புக்குத் தேவை ஒரு மேதையும் ஒரு நாளுமே. அது கதைக்கு உகந்தது. உறுதியான கட்டடத்துக்கோ சட்டமும், பணமும், பரிசோதகரும், பல்லாண்டுப் பொறுமையும் வேண்டும். அது கதைக்கு உகந்ததன்று. ‘ஏர்த்குவேக்’ தன் காலத்தின் அச்சத்தை உண்மையாகப் பதிவு செய்தது. அவ்வச்சத்துக்கு அது கூறிய பரிகாரமே பிழையானது. வீழாத சுவர்களைத் திரை காட்டுவதில்லை. அவற்றின் வரலாற்றை எழுதும் கடமை வரலாற்றாசிரியனுடையது.