ஒரே எண்ணில் ஒரு வீரன் - ஸ்பெயின் கூடைப்பந்தின் கணக்கு

கூடைப்பந்து என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது அமெரிக்காவும் மைக்கேல் ஜோர்டானும்தான். ஆனால் ஐரோப்பாவில் இந்த விளையாட்டை மிகவும் நேசிக்கும் நாடுகளில் ஒன்று ஸ்பெயின். அங்கே ஒரு ஆட்டம் முடிந்ததும் ரசிகர்கள் "யார் எத்தனை பாயிண்ட்?" என்று கேட்பதோடு நிற்பதில்லை. "அவனுடைய வலோராசியோன் எவ்வளவு?" என்றும் கேட்கிறார்கள். மதிப்பீடு என்று பொருள்படும் இந்த ஒரு எண்ணுக்கு ஒரு சுவையான வரலாறு இருக்கிறது.

ஸ்பெயினின் தேசிய லீக் 1957ல் தொடங்கியது. பிறகு கிளப்புகள் ஒன்று சேர்ந்து ஏ.சி.பி. என்ற சங்கத்தை அமைத்து, 1983-84 பருவம் முதல் லீக்கைத் தாங்களே நடத்த ஆரம்பித்தன. 1984ல் சர்வதேச விதிகளில் மூன்று பாயிண்ட் கோடு வந்தது. அப்போது அது கூடையிலிருந்து 6.25 மீட்டர் தூரம் (2010ல் இது 6.75 மீட்டராக ஆனது). ஆட்டத்தின் வேகமும் கூடியது, பாயிண்டுகளும் கூடின. அந்தக் காலத்தில் ரசிகர்களின் கண் பாயிண்ட் மீதுதான்.

அதன் உச்சம் 1989 மார்ச் மாதம். ஏதென்ஸ் அருகே நடந்த ஐரோப்பியக் கோப்பை வென்றவர்களுக்கான கோப்பையின் இறுதி ஆட்டத்தில், இத்தாலியின் கசெர்ட்டா அணியை ரியல் மாட்ரிட் சந்தித்தது. கூடுதல் நேரம் வரை சென்ற அந்த ஆட்டத்தை மாட்ரிட் 117-113 என்று வென்றது. மாட்ரிட்டுக்காக ஆடிய யூகோஸ்லாவியாவின் டிராசென் பெட்ரோவிச் மட்டும் எடுத்தது 62 பாயிண்டுகள்! எதிரணியில் பிரேசிலின் ஆஸ்கர் ஷ்மித் 44. இன்றும் இந்த ஆட்டம் பேசப்படுகிறது.

ஆனால் அதே பருவத்தின் ஸ்பெயின் லீக் இறுதியில் நடந்தது வேறு. மாட்ரிட்டும் பார்சிலோனாவும் ஆளுக்கு இரண்டு ஆட்டம் வென்று ஐந்தாவது ஆட்டத்துக்கு வந்தன. அதில் மாட்ரிட் வீரர்கள் ஒவ்வொருவராக ஃபவுல் வரம்பைத் தாண்டி வெளியேற, கடைசியில் களத்தில் நின்றது நான்கே பேர்! கோப்பை பார்சிலோனாவுக்குப் போனது. ஒரு இறுதியில் பாயிண்ட் காப்பாற்றியது, மற்றொரு இறுதியில் யாரும் கவனிக்காத ஃபவுல் என்ற கட்டம் கவிழ்த்தது.

பாயிண்ட் மட்டுமே ஆட்டம் இல்லை என்பதை எண்ணில் காட்டும் முறை ஒன்றை ஏ.சி.பி. 1991ல் கொண்டு வந்தது. அதுதான் வலோராசியோன். கணக்கு மிக எளிது. வரவு பக்கத்தில் ஆறு: பாயிண்ட், ரீபவுண்ட், அசிஸ்ட், பந்து பறிப்பு, பிளாக், எதிரணி தன் மீது செய்த ஃபவுல். பற்று பக்கத்தில் ஐந்து: தவறிய ஷாட், தவறிய ஃப்ரீ த்ரோ, பறிகொடுத்த பந்து, எதிரணி பிளாக் செய்த ஷாட், தான் செய்த ஃபவுல். முதலில் இருந்து இரண்டாவதைக் கழித்தால் மீதி.

ஒரு உதாரணம் பார்ப்போம். ஒரு வீரர் இரண்டு பாயிண்ட் ஷாட் 20 முறை எறிகிறார். 10 விழுகிறது, 10 தவறுகிறது. 20 பாயிண்டில் 10 கழிந்து மதிப்பு 10. இன்னொருவர் 5 முறை மட்டும் எறிந்து ஐந்தையும் போடுகிறார். அவருக்கும் மதிப்பு 10. மறுநாள் பேப்பரில் முதலாமவரின் 20 பாயிண்ட் பெரிதாகத் தெரியும். ஆனால் செலவைக் கழித்த பிறகு இருவரும் சமம். மொத்த விற்பனை வேறு, நிகர லாபம் வேறு என்பது போலத்தான் இது.

இந்த முறை ஸ்பெயினோடு நிற்கவில்லை. யூரோலீக்கும் இதையே எடுத்துக்கொண்டது. சுற்றின் சிறந்த வீரரைத் தேர்வு செய்ய இந்த எண்ணே அளவுகோலானது.

ஆனால் இந்தக் கணக்கிலும் ஓட்டை இருக்கிறது. மூன்று பாயிண்ட் ஷாட் நான்கு முறை எறிந்து ஒன்று மட்டும் விழுந்தால் 3 வரவு, 3 பற்று. எண் குறைவதே இல்லை! ஆனால் அணி நான்கு வாய்ப்புகளைச் செலவழித்து மூன்று பாயிண்ட்தான் பெற்றிருக்கிறது. அதாவது சுமாராக எறிபவரும் எறிந்துகொண்டே இருந்தால் அவரது எண் கெடாது, அணிதான் கெடும். அதோடு, எதிராளியை நெருங்கி நின்று அவர் ஷாட்டைத் தவறவைக்கும் வீரருக்கு இதில் ஒரு மதிப்பெண்ணும் கிடையாது. நண்பன் எறிய வழிவிட்டு எதிராளியை மறித்து நிற்பவருக்கும் கிடையாது.

எண் எங்கே தொடங்குகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2015 ஏப்ரல் 30 அன்று 16 வயது லூகா டான்சிச் ரியல் மாட்ரிட்டுக்காக முதன்முதலில் லீக்கில் களமிறங்கினார். ஆடியது இரண்டு நிமிடம் கூட இல்லை. எறிந்த ஒரே ஷாட் மூன்று பாயிண்டாக விழுந்தது. அன்றைய பட்டியலில் அவரது வரி மிகச் சிறியது. 2018ல் அதே பையன் ஸ்பெயின் லீக், யூரோலீக் இரண்டிலும் சிறந்த வீரர் விருதை வென்றார். முதல் நாள் வரியில் அது எழுதியிருக்கவில்லை.

பாப்லோ லாசோவின் கதை இன்னொரு பக்கம். பெரிய பாயிண்ட் இயந்திரம் இல்லை அவர். ஆனால் 2003ல் ஓய்வு பெற்றபோது லீக் வரலாற்றிலேயே அதிக அசிஸ்ட் கொடுத்தவரும் அதிகம் பந்து பறித்தவரும் அவரே. பாயிண்டை மட்டும் எண்ணியிருந்தால் அந்தப் பெயர் மறைந்தே போயிருக்கும். பின்னாளில் மாட்ரிட்டின் பயிற்சியாளராக 2015, 2018 இரண்டு யூரோலீக் கோப்பைகளையும் அவர் வென்றார். அந்த 16 வயதுப் பையனைக் களத்தில் இறக்கியவரும் அவர்தான்.

எதை எண்ணுகிறோமோ அதைத்தான் மதிக்கப் பழகுகிறோம். 1991ல் ஸ்பெயின் செய்தது எண்ண வேண்டிய பட்டியலை நீட்டியதுதான். அதனால் பலருடைய உழைப்பு வெளிச்சத்துக்கு வந்தது. பட்டியலில் இன்னும் ஏறாத உழைப்பும் இருக்கிறது. அடுத்த முறை ஒரு ஆட்டத்தின் புள்ளிவிவரத்தைப் பார்க்கும்போது கடைசிக் கட்டத்தில் உள்ள எண்ணோடு நிறுத்தாமல், பந்து கையில் இல்லாதவன் என்ன செய்தான் என்றும் பாருங்கள்.