நூறு கிராம் பொட்டலத்துக்குள் ஒரு வரலாற்றுப் பாடம்



நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டே இருக்கிறது. கடலை மிட்டாய், காராச்சேவு, அல்வா எல்லாம் ஈராயிரம் ஆண்டுகளாக நம் முன்னோர் தின்றவையாம். பெருமையோடு பகிரச் சொல்கிறார்கள். உங்களில் மூன்று பேர் எனக்கே அனுப்பிவிட்டீர்கள். வரலாற்று வாத்தியாருக்கு அனுப்பினால் பதில் வராமல் இருக்குமா?

போன மாதம் மதுரையிலிருந்து திருநெல்வேலி வரை இரண்டு நாள் சுற்றினேன். பாசஞ்சர் ரயில், அரசுப் பேருந்து, இரவுக்கு உறவினர் வீட்டுத் திண்ணை. ஓய்வூதியக்காரனின் கணக்கு எளிது: எந்தப் பண்டமும் நூறு கிராமுக்கு மேல் வாங்குவதில்லை. தின்பண்டச் செலவு மொத்தம் முந்நூறு ரூபாயைத் தாண்டவில்லை.

இந்தத் தடமே ஒரு பாடம்தான். மதுரை–தூத்துக்குடி இருப்புப்பாதை 1876இல் திறக்கப்பட்டது. மணியாச்சியில் ஒரு கிளை பிரிந்து திருநெல்வேலிக்குப் போகிறது. 1911இல் வாஞ்சிநாதன் ஆஷ் துரையைச் சுட்ட அதே மணியாச்சி. 1914இல் பாம்பன் பாலம் வரும்வரை, சென்னையிலிருந்து ரயில் ஏறிக் கொழும்புக்குப் போனவர்கள் தூத்துக்குடியில்தான் கப்பல் பிடித்தார்கள். இந்தத் தடத்தின் பேர்பெற்ற பண்டங்களைப் பாருங்கள். எல்லாமே நாலு நாள் கெடாதவை, பொட்டலம் கட்டி மடியில் வைத்துக்கொள்ளக் கூடியவை.

முதலில் சாத்தூர். காராச்சேவின் உயிர் மிளகாய் வற்றல். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துக்கீசியர் இந்தியாவுக்கு வந்த பிறகுதான் இங்கே வந்தது. அதற்கு முன் நமக்குக் காரம் என்றால் மிளகுதான். புதிதாக வந்த காய் மிளகைப் போல உறைத்ததால் ‘மிளகு காய்’ மிளகாய் ஆனது. பெயரிலேயே அதன் பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது.

அடுத்து கோவில்பட்டி. கடலை மிட்டாயின் நிலக்கடலையும் தென்னமெரிக்காவிலிருந்து வந்ததுதான். விழுப்புரம், கடலூர்ப் பக்கம் அதை ‘மல்லாட்டை’ என்பார்கள். ‘மணிலாக் கொட்டை’ தேய்ந்து அப்படியானது. பிலிப்பைன்ஸின் மணிலா நகரம் நம் கிராமத்து வாயில் உட்கார்ந்திருக்கிறது! 19ஆம் நூற்றாண்டில் தென்னார்க்காட்டுக் கடலை புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சின் எண்ணெய் ஆலைகளுக்குக் கப்பலேறியது. கரிசல் காட்டில் விளைந்த கடலை, வெல்லப் பாகில் விழுந்து மிட்டாய் ஆனது.

தூத்துக்குடி மெக்ரூனுக்கு விளக்கமே வேண்டாம். பெயரே ஐரோப்பியப் பெயர். அங்கே பாதாம் பருப்பில் செய்வதை இங்கே முந்திரியில் செய்கிறார்கள். அந்த முந்திரி பிரேசிலிலிருந்து போர்த்துக்கீசியர் கொண்டுவந்தது. முட்டை வெள்ளைக்கரு, சீனி, முந்திரித் தூள், வேறொன்றும் கிடையாது. வாயில் வைத்தால் கரைகிறது.

கடைசியாகத் திருநெல்வேலி. ‘அல்வா’ அரபுச் சொல். இனிப்பு என்று பொருள். கோதுமை நெல்லைச் சீமையின் முதன்மைப் பயிராக என்றுமே இருந்ததில்லை. ‘சீனி’ என்ற சொல்லே சீனாவை நினைவூட்டுகிறது. ஆனால் கோதுமையை ஊறவைத்து, ஆட்டி, பாலெடுத்து, தெளியவைத்து, நெய் பிரிந்து வரும்வரை கிண்டுகிற பொறுமை இந்த ஊருடையது. தாமிரபரணித் தண்ணீரின் ருசி என்று ஊர்க்காரர்கள் சொன்னால் நான் சண்டைக்குப் போகமாட்டேன்.

அப்படியானால் பழையது எதுவுமே இல்லையா? இருக்கிறது. சாத்தூர்ப் பக்கம் கருப்பட்டி மிட்டாய் கேட்டு வாங்குங்கள். அரிசி, உளுந்து, கருப்பட்டி மூன்றும் நம் மண்ணில் நெடுங்காலமாக இருப்பவை. அதைவிடப் பழையது, தெருவில் பண்டம் விற்கிற தொழில். மதுரைக்காஞ்சியில் மதுரையின் இரவுக் கடைத்தெரு வருகிறது. அங்கே அடையும் மோதகமும் விற்கும் கூவியர், வியாபாரம் ஓய்ந்து உறங்குகிறார்கள். இன்று பேருந்து நிலைய வாசலில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு கண்ணயர்கிறவரைப் பார்த்தால் எனக்கு அவர்கள் நினைவுதான் வருகிறது. தட்டில் இருக்கும் பண்டம் மாறியிருக்கிறது. விற்கிறவரின் அசதி மாறவில்லை.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்? எல்லாவற்றையும் ‘ஈராயிரம் ஆண்டு’ என்று சொல்லிவிட்டால், உண்மையில் இவற்றை உருவாக்கியவர்கள் காணாமல் போய்விடுகிறார்கள். புதிதாக வந்த கடலைக்குப் பாகுப் பதம் கண்டுபிடித்த ஒரு கை இருந்தது. பாதாமுக்குப் பதில் முந்திரியைப் போட்டுப் பார்த்த ஒரு மூளை இருந்தது. புகையடுப்பின் முன் நின்றவர்கள், தட்டு சுமந்தவர்கள், பொட்டலம் கட்டிய பெண்கள். அவர்களில் பலருடைய பெயர்கூட நமக்குக் கிடைக்காது. ‘ஆதியிலிருந்தே இருந்தது’ என்கிற பொய், அவர்கள் பங்கையும் சேர்த்து அழித்துவிடும். இன்னொரு கேடும் உண்டு. வெளியிலிருந்து வந்ததெல்லாம் கலப்படம் என்று பிள்ளைகள் நம்பத் தொடங்குவார்கள். அப்படிப் பார்த்தால் நம் குழம்பில் மிளகாய்கூட மிஞ்சாது.

கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தச் சான்று எதைப் பார்க்கிறது தெரியுமா? பண்டத்துக்கும் ஊருக்கும் உள்ள உறவை. அதன் தரத்தை, பெயரை. மூலப்பொருள் எந்தக் கண்டத்தில் பிறந்தது என்று அது கேட்பதில்லை. பெருமைக்கு நமக்கும் அந்த அளவுகோல் போதும்.

இனி வீட்டுப்பாடம். விடுமுறைக்கு எங்கே போனாலும் பெரிய ஓட்டலைத் தேடாதீர்கள். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் சின்னக் கடையில் நூறு கிராம் வாங்குங்கள். கூட்டம் குறைவாக இருந்தால் கடைக்காரரிடம், “அண்ணே, சரக்கு எங்கிருந்து வருது? தொழில யார்ட்ட கத்துக்கிட்டீங்க?” என்று கேளுங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். கேட்டதைக் கீழே எழுதுங்கள். மதிப்பெண் போடமாட்டேன், எல்லாவற்றையும் படிப்பேன்.