கடிதம் யார் கையில?

போன மாசம் ஹல்துமுல்லையில் எங்கள் வட்டத்து அக்கா ஒருவர் புது வேலையில் சேர்ந்தார். வேலை மின்னஞ்சலை டேப்பில் போட்டுத் தரச் சொன்னார். நாங்களும் கெட்டிக்காரத்தனமாக, டேப்போடு வந்த மெயில் செயலியில் ஒரு தடவை, புதிதாக இறக்கிய செயலியில் ஒரு தடவை என்று ஒரே கணக்கை ரெண்டிலும் போட்டோம். மறுநாளே அக்கா வந்துட்டாங்க: "அஞ்சு மெயில் அனுப்பியிருக்காங்களாம். புது செயலியிலயும் இல்ல, ஆபீஸ் கம்பியூட்டர்லயும் இல்ல!"

தேடினால் ஐந்தும் பழைய செயலிக்குள் இருந்தன. அதில் கணக்கு 'பாப்' முறையில் இருந்தது. இறக்கியதும் சேவையகத்தில் அழித்துவிடும்படி அமைப்பு. பாப் 1984இல் வந்தது. கணினி கொஞ்ச நேரம் இணைந்து, கடிதங்களை அள்ளிக்கொண்டு துண்டித்துவிடும் காலத்துக்கு அது போதும். 1986இல் ஸ்டான்ஃபோர்டில் மார்க் கிரிஸ்பின் உருவாக்கிய 'ஐமேப்' வேறு மாதிரி: கடிதம் சேவையகத்திலேயே இருக்கும், எல்லாக் கருவியும் அதையே பார்க்கும்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அக்காவின் அம்மா சிரித்தார்: "அந்தக் காலத்துலயும் இப்படித்தான். நம்ம கடுதாசி ஆபீசுல கெடக்கும்."

அது எங்கள் வரலாறு. லயத்துக் காம்பராவுக்குத் தெருப் பெயர் இல்லை, இலக்கமும் இல்லை. பெயர், தோட்டம், டிவிஷன், தபால் கந்தோர், அவ்வளவுதான் விலாசம். கடிதம் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும். பிறகு பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டுக் கொடுத்தால் உண்டு. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு குடும்பங்கள் ரெண்டாகப் பிரிந்தன. கூடலூருக்கும் கோத்தகிரிக்கும் போனவர்களின் செய்தி வந்ததும் இந்த வழியாகத்தான். நேர்முகத் தேர்வுக் கடிதம் தேதி முடிந்த பிறகு கைக்கு வந்த கதை இல்லாத தோட்டம் மலையகத்தில் குறைவு. கடிதத்தை யாரும் திருட வேண்டியதில்லை. நடுவில் ஒருத்தர் கையில் தங்கினாலே ஒரு வேலை போய்விடும்.

அதனால் டேப் விஷயத்தில் நாங்கள் அவசரப்படவில்லை. முதலில் அந்த ஐந்து மெயிலையும் அக்காவின் வேலை முகவரிக்கே திருப்பி அனுப்பினோம். அவை வந்து சேர்ந்ததை ஆபீஸ் கம்பியூட்டரில் பார்த்த பிறகுதான் பழைய செயலியிலிருந்து கணக்கை நீக்கினோம். அவசரத்தில் முன்னாடியே நீக்கியிருந்தால் ஐந்தும் போயிருக்கும். புது செயலியில் ஐமேப் தெரிவு செய்தோம். பேட்டரி சேமிப்பு அதை உறங்க வைக்காதபடி விலக்கு கொடுத்தோம்.

இப்போது மெயில் நேரத்துக்கு வருகிறது. ஆனால் வேலை நியமனக் கடிதத்தின் மேல் அக்காவின் விலாசம் இன்னும் தோட்டத்தின் பெயரும் டிவிஷனும்தான். டேப்பில் நாங்கள் சரிசெய்தது அரை நாள் வேலை. லயத்துக் கதவுக்கு ஒரு இலக்கம் கேட்பது எங்கள் தாத்தா காலத்துப் பாக்கி. அதையும் கேட்டே ஆகணும்.