விற்கலாகாத ஓர் ஆங்கிலச் சிற்றூர்

இங்கிலாந்தின் தென்மேற்கே வில்ட்ஷயர் வட்டாரத்தில் லேக்காக் என்றொரு சிற்றூர் உண்டு. முதன்மைத் தெருக்கள் நான்கே. 1232 ஆம் ஆண்டில் சாலிஸ்பரிச் சீமாட்டி ஈலா நிறுவிய கன்னியர் மடத்தை அண்டி வளர்ந்து, ஆட்டுரோம வணிகத்தால் செழித்த ஊர் அது.

மடத்தை நீக்கிப் பார்த்தால் அங்கு மாளிகைகள் இல்லை. சுண்ணாம்புக்கல் வீடொன்று, அதனை ஒட்டி, ஓக் மரச்சட்டங்களுக்கிடையே மிலாறு பின்னிக் களிமண் அப்பிய வீடொன்று, அப்பால் செங்கல் வீடொன்று. கூரைகள் பலவற்றில் ஓடுகளும் கல்லே. ஒரு வீட்டில், வளைந்த பெருமரம் சுவரோடு எழுந்து கூரையைத் தாங்கி நிற்பதைத் தெருவிலிருந்தே காணலாம். சாய்ந்த சுவரை நிமிர்த்த எவரும் முனையவில்லை. அச்சாய்வே ஊரின் முகம்!

1539 இல் மடம் கலைக்கப்பட்டபின், ஊர் தனியுடைமையாகி, வாரிசு வழியில் டால்பட் குடும்பத்தாரிடம் வந்தது. அக்குடும்பத்து வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட், 1835 இல் அம்மடத்துச் சாளரத்தைப் பிடித்த ஒளிப்படம் புகைப்படக்கலை வரலாற்றில் புகழ்பெற்றது. அவருடைய பேர்த்தி மெடில்டா டால்பட், 1944 இல் மடத்தையும் ஊரையும் 'நேஷனல் டிரஸ்ட்' என்னும் அறநிறுவனத்திற்குக் கொடுத்துவிட்டார்.

இங்கே ஃபிக்ஹு நூல்களின் வக்ஃபுப் பாடம் நினைவுக்கு வராமற் போகாது. கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை உமர் (ரலி) அவர்கள், விற்கவோ அன்பளிப்புச் செய்யவோ வாரிசுரிமையாகப் பெறவோ இயலாதவாறு நிறுத்திவைத்து, அதன் பலனை அறவழிக்கு விட்டார்கள். 1895 இல் தோன்றிய அந்த ஆங்கில நிறுவனத்திற்கும், தன் சொத்துக்களைக் கைமாற்றலாகாதவை என அறிவிக்கும் அதிகாரத்தை 1907 ஆம் ஆண்டுச் சட்டம் அளித்தது. நோக்கம் ஒன்றன்று. வக்ஃபு இறைவனின் திருப்பொருத்தத்தை நாடுவது. அதுவோ நாட்டு மக்களின் பயன் கருதியது. எனினும், வாரிசுகளின் தேவையும் சந்தையின் விலையும் தீண்டாதபடி ஒரு பொருளுக்கு வேலியிடும் அறிவு இரண்டிலும் உண்டு.

ஊர் வெறும் காட்சிச்சாலையாகிவிடவில்லை. வாடகைக் குடிகள் அங்கே வாழ்கின்றனர். படப்பிடிப்புக் குழுக்களும் சுற்றுலாக் கூட்டமும் அவர்களுக்குத் தொல்லையே. அழகிய ஊரில் வாழ்வதற்கும் ஒரு விலை இருக்கத்தான் செய்கிறது.

வக்ஃபு வருவாயில் முதற்செலவு அதன் பராமரிப்புக்கே என்பர் நம் சட்டநூலார். பராமரிப்பிலும் முறை உண்டு. பழங்கட்டடத்தைச் செப்பனிடலாம், கற்பனைப் பழமையைப் புதிதாகப் புனையலாகாது என்பதற்காகவே வில்லியம் மாரிஸ் 1877 இல் ஒரு சங்கம் கண்டார். இத்தகைய வீடுகளுக்குச் சிமெண்டுப் பூச்சு பகை. அது ஈரத்தை உள்ளே அடைத்து மரச்சட்டத்தை உளுத்துப்போகச் செய்யும். சுண்ணாம்புச் சாந்தோ ஈரத்தை வெளியே விட்டுவிடும்.