சிறு கணினி வாங்குமுன்: வேகத்தை விட ஆயுளைப் பாருங்கள்

2020 மார்ச்சில் கொவிட் பரவலால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, மலையகத் தோட்டங்களில் பல பிள்ளைகளின் வகுப்பறை ஒரு கைத்தொலைபேசிக்குள் சுருங்கியது. பிள்ளைக்கென ஒரு டெப்லட்டோ, பாவித்த மடிக்கணினியோ வாங்குவது இன்றும் பல வீடுகளில் பெரிய முடிவுதான். 2024இல் தேயிலைத் தொழிலாளரின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அந்தக் கணக்கில் 40,500 ரூபா கருவி என்பது முப்பது நாள் உழைப்பு.

அந்த உழைப்பு எத்தனை வருடம் பயன்தரும் என்பதைப் பெரிதும் தீர்மானிப்பவை இரண்டு: கருவியின் புரொசஸர் வகை, அதில் ஓடும் இயங்குதளம்.

இரண்டு குடும்பங்கள்

இன்டெல், ஏஎம்டி நிறுவனங்களின் கணினி புரொசஸர்கள் எக்ஸ்86 குடும்பத்தைச் சேர்ந்தவை. தொலைபேசிகளிலும் டெப்லட்களிலும் பெரும்பாலும் இருப்பது ஆர்ம் குடும்பம். குறைந்த மின்சாரத்தில் இயங்குவது ஆர்மின் பலம். ஆனால் ஒரு குடும்பத்துக்காக உருவாக்கிய மென்பொருள் மற்றதில் நேரடியாக ஓடாது.

மைக்ரோசொப்ட் 2012இல் வெளியிட்ட சர்ஃபேஸ் ஆர்டி இதற்கு நல்ல உதாரணம். பார்வைக்கு அது விண்டோஸ்தான். உள்ளே இருந்ததோ ஆர்ம் புரொசஸர். வழக்கமான விண்டோஸ் மென்பொருட்களை அதில் நிறுவ முடியவில்லை. அடுத்த வருடமே 90 கோடி டொலரை நிறுவனம் நட்டக் கணக்கில் எழுதியது.

சிம்பியூட்டர் தந்த பாடம்

நமது மொழிக்கு நெருக்கமான முயற்சி பெங்களூரில் நடந்தது. இந்திய விஞ்ஞானக் கழகப் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனமும் சேர்ந்து 2001இல் சிம்பியூட்டர் என்ற கையடக்கக் கணினியின் மாதிரியை வெளியிட்டனர். ஸ்ட்ரோங்ஆர்ம் புரொசஸர், லினக்ஸ் இயங்குதளம். லினக்ஸுக்கு உரிமக் கட்டணம் இல்லை. மூலநிரல் திறந்திருப்பதால் கன்னடம், இந்தி, தமிழ் போன்ற மொழிகளைச் சேர்ப்பதும் சாத்தியமானது. ஒரே கருவியைக் கிராமமே பகிரலாம்; ஒவ்வொருவரும் தம் தகவலைத் தனி ஸ்மார்ட் கார்டில் வைத்துக்கொள்ளலாம் என்பது திட்டம்.

2004இல் விற்பனைக்கு வந்தும் எதிர்பார்த்த அளவு விற்கவில்லை. ஆனால் அந்தத் தொழில்நுட்பத் தெரிவு பிழையல்ல. இன்றைய அன்ட்ரொயிட் தொலைபேசியும் பெரும்பாலும் ஆர்ம் புரொசஸரில் ஓடும் லினக்ஸ் கருவைக் கொண்டதுதான். அன்ட்ரொயிட்டுக்கு இருப்பதும் சிம்பியூட்டருக்கு இல்லாமற்போனதும், பிறர் தொடர்ந்து எழுதித் தரும் செயலிகளின் குவியல். நல்ல கருவியும் தனித்து நின்றால் நிலைப்பதில்லை.

மலிவான பொறி

2007இல் அசூஸ் ஈ பிசி லினக்ஸுடன் வந்தது. விரைவில் அதன் வகைக் கணினிகளில் விண்டோஸ் எக்ஸ்பியும், 2008 முதல் இன்டெல் அட்டம் புரொசஸரும் இடம்பிடித்தன. அந்தக் குட்டிக் கணினிகள் இன்று மலிவாகக் கிடைத்தால் அவசரப்பட வேண்டாம். அவற்றில் பரவலாக இருந்த அட்டம் என்270 வெறும் 32 பிட் புரொசஸர். விண்டோஸ் 11 64 பிட்டில் மட்டுமே உள்ளது. 2025 ஓகஸ்டில் வெளிவந்த டெபியன் 13 லினக்ஸும் 32 பிட் கணினிகளுக்கான நிறுவியைக் கைவிட்டது. கணினி பழுதாகாமலேயே காலாவதியாகிறது.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

• புரொசஸரின் முழுப் பெயரைக் கேட்டு, அது 64 பிட்டா என இணையத்தில் தேடுங்கள். 32 பிட் என்றால் தவிர்ப்பது நல்லது.

• விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11ஐ ஏற்காத 64 பிட் மடிக்கணினியாயின், லினக்ஸ் போட்டு மேலும் சில வருடம் பாவிக்கலாம்.

• அன்ட்ரொயிட் டெப்லட்டில் செட்டிங்ஸ் பகுதிக்குச் சென்று கடைசிப் பாதுகாப்புப் புதுப்பித்தலின் திகதியைப் பாருங்கள். அது பல வருடம் பழையது என்றால், விலை குறைவாக இருப்பதன் காரணம் அதுவாக இருக்கலாம்.

• குரோம்புக் ஒவ்வொன்றுக்கும் புதுப்பித்தல் நிற்கும் திகதி உண்டு. மொடல் பெயரைக் கொண்டு கூகுள் பட்டியலில் அதைப் பார்க்கலாம்.

• பாடசாலை கேட்கும் மென்பொருள் எது என ஆசிரியரிடம் முதலில் விசாரியுங்கள். அது விண்டோஸில் மட்டும் ஓடுமானால், அன்ட்ரொயிட் டெப்லட் எவ்வளவு வேகமாக இருந்தும் பயனில்லை.

• கடையிலேயே தமிழில் ஒரு வரி தட்டச்சு செய்து பாருங்கள்.

கடைக்காரர் முதலில் சொல்வது ரேமையும் ஸ்டோரேஜையும்தான். புதுப்பித்தல் எந்த ஆண்டு வரை வரும் என்பதை நாம்தான் கேட்க வேண்டும். தரம் ஆறில் வாங்கும் கருவி சாதாரண தரப் பரீட்சை வரையாவது கைகொடுக்க வேண்டுமல்லவா?