சுவான்சௌ: சீன ஆற்றங்கரை நகரில் தமிழர் சுவடுகள்

முன்னுரை

கேரித் தீவின் மேற்குக் கரையில் நின்று நோக்கினால், மலாக்கா நீரிணை வழியே வடக்கும் தெற்குமாகச் செல்லும் சரக்குக் கப்பல்களைக் காணலாம். முதுகுப்புறத்தில் செம்பனைத் தோட்டம். முன்னால் உலகின் பழைமையான கடல்வழிகளுள் ஒன்று. மலேசியத் தமிழர் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் தோட்டத்திலிருந்தே தொடங்குகின்றனர். இல்லையேல் இராசேந்திர சோழனின் 1025ஆம் ஆண்டுக் கடாரப் படையெடுப்பைப் பேசுகின்றனர். இவ்விரண்டுக்கும் இடையே, வாளும் ஏந்தாமல் பால்வாளியும் ஏந்தாமல் இக்கடல்வழியே கடந்து சென்ற வணிகர் கூட்டம் ஒன்று உண்டு. அவர்கள் சென்று தங்கிய சீன நகரம் சுவான்சௌ. அந்நகரின் நில அமைப்பையும் வரலாற்றையும், அங்குள்ள தமிழ்ச் சுவடுகளையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நில அமைப்பு

சுவான்சௌ, சீனாவின் தென்கிழக்கே பூச்சியான் மாநிலத்தில், சின் ஆறு கடலோடு கலக்கும் இடத்திற்கு அருகே அமைந்துள்ளது. நகரின் வடகிழக்கே லோயாங் ஆறு ஓடுகிறது. இரண்டும் ஒரே விரிகுடாவில் கலக்கின்றன. பூச்சியான் மலைப்பாங்கான நிலம். நெல் விளையும் சமவெளி குறைவு. நிலம் கொடுக்காததைக் கடலில் தேட வேண்டிய நிலை அம்மக்களுக்கு ஏற்பட்டது. மலைநாட்டில் சுடப்பட்ட பீங்கான், நெய்யப்பட்ட பட்டு, விளைந்த தேயிலை ஆகியன ஆற்றுவழியே நகருக்கு வந்து, அங்கிருந்து கப்பலேறின.

பருவக்காற்றே இவ்வணிகத்தின் அச்சாணி. குளிர்காலத்தில் வடகிழக்கிலிருந்து வீசும் காற்றில் கப்பல்கள் தெற்கே சென்றன. கோடையில் தென்மேற்குக் காற்றில் திரும்பின. நகரை அடுத்த சியூரி குன்றின் பாறைகளில், சோங் ஆட்சிக்கால அதிகாரிகள் நல்ல காற்று வேண்டி நடத்திய வழிபாடுகள் பொறிக்கப்பட்டுள்ளன. அரசே காற்றுக்காக வேண்டி நின்றதிலிருந்து, கடல் வணிகம் அந்நகரின் உயிர்மூச்சாக இருந்தமையை உணரலாம்.

ஆறும் அலையும் வளம் தந்தது போலவே இடரும் தந்தன. லோயாங் ஆற்றின் முகத்தில் 1053 முதல் 1059 வரை கட்டப்பட்ட கற்பாலம் இதற்குச் சான்று. அலைவேகத்தில் அடித்தளக் கற்கள் நகராமலிருக்க, அவற்றின்மீது சிப்பிகளை வளர்த்துக் கற்களைப் பிணைத்தனர். இயற்கையின் தடையை இயற்கையைக் கொண்டே வென்ற முறை இது.

நகரின் எழுச்சி

பத்தாம் நூற்றாண்டில் நகரை விரிவாக்கிய லியூ சொங்சியாவ் என்னும் ஆட்சியாளர், அதைச் சுற்றிலும் 'சித்தோங்' மரங்களை நடச் செய்தார். அம்மரத்தின் பெயரே நகருக்கும் வழங்கலாயிற்று. அரபு வணிகர் அதனைச் 'சைத்தூன்' என்றனர். இம்மரம் நமக்கு அயலானதன்று. செந்நிறப் பூப்பூக்கும் முள்முருக்கு, அதாவது கலியாண முருங்கையே அது. தமிழ் வணிகர் கரையிறங்கியபோது தம் ஊர் வேலிகளில் நிற்கும் மரத்தை அங்கும் கண்டிருப்பர்.

1087இல் சோங் அரசு சுவான்சௌவில் கடல் வணிக அலுவலகத்தை நிறுவியது. இவ்வலுவலகத்தின் தலைவராக இருந்த சாவ் ருகுவா 1225இல் எழுதிய நூலில் சோழநாடும் இடம்பெறுகிறது. சோழரின் தூதுக்குழுக்கள் 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சீன அரசவையை அடைந்திருந்தன. பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் கடல்வழியே வந்த இந்தியத் துறவி ஒருவர் நகரின் தென்பகுதியில் பௌத்தக் கோயில் எழுப்பியதையும் அந்நூல் குறிப்பிடுகிறது. மங்கோலிய யுவான் ஆட்சியில் நகர் உச்சநிலையை எட்டியது. மார்க்கோ போலோ 1292இல் தாயகம் திரும்பக் கப்பலேறியதும் இங்கிருந்தே.

1974இல் விரிகுடாவின் ஹோச்சூ கரையில் சேற்றிலிருந்து சோங் காலக் கப்பல் ஒன்று அகழ்ந்தெடுக்கப்பட்டது. எஞ்சிய பகுதியின் நீளமே ஏறத்தாழ 24 மீட்டர். அதில் நறுமண மரங்களும் மிளகும் பாக்கும் சோழியும் இருந்தன. தென்கடல் நாடுகளிலிருந்து என்னென்ன சென்றன என்பதை இச்சரக்கே உரைக்கின்றது.

தமிழ்க் கல்வெட்டும் சிற்பங்களும்

தமிழாய்வாளர்க்கு முதன்மையான சான்று, சக ஆண்டு 1203 சித்திரைத் திங்களுக்குரிய, அதாவது கி.பி. 1281ஆம் ஆண்டுக் கல்வெட்டாகும். தமிழ்ப் பகுதியின் கீழே சீன எழுத்தில் ஒரு வரி உள்ளது. தவச்சக்கரவர்த்திகள் எனப்பட்ட சம்பந்தப் பெருமாள், செகசைக்கானின் திருமேனி நலத்திற்காகத் திருக்கதலீச்சுரமுடைய நாயனாரை எழுந்தருளச் செய்தார் என்பது அதன் கருத்து. செகசைக்கான் என்பவர் குப்லாய் கானே என்பது பெரும்பான்மையோர் கொள்கை.

இக்கல்வெட்டில் 'பர்மான்' என்னும் பாரசீகச் சொல் பயின்று வருவது கருதத்தக்கது. மங்கோலியப் பேரரசனின் ஆணை, பாரசீகச் சொல்லால், தமிழ் எழுத்தில், சீன மண்ணில் பொறிக்கப்படுகிறது. இங்கே வென்றவரும் இல்லை, அடிமைப்பட்டவரும் இல்லை. அயல் அரசின் இசைவு பெற்று, அவ்வரசனின் நலம் வேண்டி, தம் தெய்வத்தைத் தம் மொழியில் நிலைநாட்டிய குடியிருப்பினரையே காண்கிறோம்.

அக்கோயில் இன்று இல்லை. அதன் கற்கள் உள்ளன. சைவ வைணவச் சிற்பங்கள் முந்நூறுக்கும் மேற்பட்டவை நகரிலும் சுற்றுப்புறத்திலும் கண்டறியப்பட்டுள்ளன. கி.பி. 686இல் தோன்றிய கைய்யுவான் பௌத்தக் கோயிலின் பெருமண்டபத்துப் பின்புறத்தில் பதினாறு பட்டைத் தூண்கள் இரண்டு நிற்கின்றன. அவற்றில் நரசிங்கமும், யானைக்கு அருளிய திருமாலும், மருதமரங்களிடையே தவழும் கண்ணனும் செதுக்கப்பட்டுள்ளனர். மிங் காலத் திருப்பணியின்போது இவை அங்குப் பொருத்தப்பட்டன. சேதியான் சிற்றூரில் ஒரு பெண்தெய்வச் சிற்பம் குவான் யின் என்னும் பெயரில் இன்றும் வழிபடப்படுகிறது. ஊ வென்லியாங் என்னும் ஆய்வாளர் இத்தகைய கற்களைப் பல்லாண்டுகள் தேடித் திரட்டி, 1957இல் நூலாக வெளியிட்டார். அவருடைய உழைப்பு இல்லையேல் இவற்றுள் பல சுவர்களிலேயே மறைந்து போயிருக்கும்.

நகரின் தளர்ச்சி

1357 முதல் 1366 வரை நடந்த உள்நாட்டுப் போர் அயல் வணிகர் குடியிருப்புகளைச் சிதைத்தது. பின்வந்த மிங் அரசு தனியார் கடல் வணிகத்தைத் தடைசெய்தது. ஆற்று வண்டலும் துறைமுகத்தைத் தூர்த்தது. வணிகம் வேறு துறைகளை நாடிச் சென்றது. துறை தளர்ந்ததும் தமிழரும் அகன்றனர். அல்லது உள்ளூர் மக்களோடு கலந்தனர். கல்வெட்டைப் படிக்க அங்கே எவரும் இல்லாமற் போயினர். 2021இல் யுனெஸ்கோ, சுவான்சௌவின் 22 இடங்களை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

கிள்ளானுக்குரிய பாடம்

செங் ஹோவின் கடற்பயணங்களோடு தொடர்புடைய வரைபடத்தில் கிள்ளானும் குறிக்கப்பட்டுள்ளது. கிள்ளானில் நம் அண்டை வீட்டாராகிய ஹோக்கியன் சீனருள் பலர், சுவான்சௌவையும் அதைச் சூழ்ந்த ஊர்களையும் பூர்வீகமாகக் கொண்டவர்கள். தமிழர்க்கும் அவர்களுக்கும் உள்ள உறவு ஈயச் சுரங்கத்தோடும் பால்மரத்தோடும் தொடங்கியதன்று; எழுநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்டது. இதனை மாணவர்க்கு எடுத்துரைப்பது ஆசிரியர் கடமையாகும்.

ஆற்றுத்துறை இடம் பெயர்வதை இவ்வட்டாரமும் கண்டுள்ளது. கிள்ளான் நகரின் ஆற்றுத்துறைக்கு மாற்றாக 1901இல் ஆற்றுமுகத்தில் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. 1972இல் அது கிள்ளான் துறைமுகம் எனப் பெயர் மாறியது. கேரித் தீவிலும் புதிய துறைமுகம் அமைப்பது குறித்துப் பேசப்பட்டு வருகிறது. எட்வர்ட் வாலன்டைன் கேரி என்னும் தோட்ட முதலாளியின் பெயரைத் தாங்கிய இத்தீவில் நம் முன்னோர் காடழித்துத் தோட்டம் அமைத்தனர், கோயில் எழுப்பினர். இரப்பர் போய்ச் செம்பனை வந்தது. வேலை தேடி இளைஞர் நகரங்களுக்குப் பெயர்ந்தனர். கிள்ளான் பள்ளத்தாக்கில் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது கோயில்களும் தமிழ்ப்பள்ளிகளும் இடம் பெயர்ந்தன. அவற்றின் தொடக்க ஆண்டு, கட்டியவர் பெயர், திருப்பணிக் கணக்கு ஆகியன பல இடங்களில் எழுதி வைக்கப்படவில்லை.

முடிவுரை

திருக்கதலீச்சுரத்தைக் கட்டியவர்கள் செல்வம் மிக்க வணிகர்கள். அவர்கள் எழுப்பிய கோயிலே நிலைக்கவில்லை. ஆயினும் ஒரு கல்லில் ஆண்டும் பெயரும் நோக்கமும் பொறித்தமையால் இன்று அவர்களை அறிகிறோம். தோட்டக் கோயிலின் கல்வெட்டையும், பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேட்டையும், மூத்தோர் நினைவையும் பதிவு செய்யும் பணியைத் தமிழாசிரியர்கள் தத்தம் வட்டாரத்திலேயே தொடங்கலாம். அதற்குப் பெரும் பொருள் தேவையில்லை. காலம் மட்டுமே குறைவாக உள்ளது.